பேர் எழுதாத டப்பாக்கள்

மார்ச் 3

வங்கிக்காரர்கள் வருஷா வருஷம் டைரி கொடுக்கிறார்கள். வாங்கி வாங்கி அலமாரியில் அடுக்குவதோடு சரி. இன்று ஒன்றைப் பிரித்திருக்கிறேன். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். பேசியதை எழுதி வைத்தால் பின்னால் வம்பு வராது. அதற்காக மட்டும்தான்.

வந்திருப்பவர்கள் புழுக் கணக்கு எடுப்பவர்கள். பள்ளிப் பிள்ளைகளின் மலத்தை வாங்கிச் சோதித்து, எந்த ஊரில் எவ்வளவு புழு என்று மாவட்ட வரைபடத்தில் நிறம் அடிப்பார்களாம். சிவப்பு விழுந்த ஊருக்கு வருஷத்துக்கு இரண்டு தரம் மாத்திரை. மஞ்சளுக்கு ஒரு தரம். பச்சை என்றால் ஒன்றும் வேண்டாம். டாக்டர் ஜீப்பில் வந்து போவார். மாடியில் தங்குவது ஷகிலா என்கிற வேலூர்ப் பெண்ணும் அவளுடைய உதவிக்கு இரண்டு பெண்களும்.

"டவுன்ல லாட்ஜ் இருக்கும்போது முந்திரி மண்டி மாடிக்கு எதுக்கும்மா வரீங்க?" என்று கேட்டேன்.

"கொக்கிப்புழு முட்டை கண்ணாடியில வச்சா சீக்கிரம் கரைஞ்சிடும்யா. ஊர் பக்கத்துலயே உக்காந்து பாத்தாதான் உண்டு."

"நாத்தம் வருமா?"

"வரும்."

பொய் சொல்லாத ஆள். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 5

என் மனைவி ருக்மணி போனதிலிருந்து மாடியில் விளக்குப் போட்டதில்லை. நேற்று எரிந்தது. தலைக்கு மேல் செருப்புச் சத்தம், பாத்திரம் விழுகிற சத்தம், எதற்கோ மூன்று பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம். இரைச்சல் என்று சொல்லக் கீழிருந்து படியேறினேன். ஏறினவன், "டீ போட்டிருக்கன், குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பால் கூடுதலாக வாங்கச் சொல்ல வேண்டும்.

மார்ச் 8

ஞாயிறு. டொரண்டோவிலிருந்து மகன் பேசினான். "என்னப்பா விசேஷம்?" "ஒண்ணுமில்ல." "சாப்டியா?" "ஆச்சு." வைத்துவிட்டான். அவனுக்கு அங்கே பனி.

கொட்டை வரத்து ஆரம்பித்துவிட்டது. குத்தகைக்காரன் பொறுக்கி முடித்த தோப்பில் சருகுக்கு அடியில் கொஞ்சம் தங்கும். அதை எடுப்பவருக்கே சொந்தம் என்பது இங்கே வழக்கம். கண்ணுக்குத் தெரியாது, வெறுங்காலால் தடவித்தான் எடுக்க வேண்டும். பாதத்தில் கொட்டை உருளும், குனிந்து எடுக்கலாம். பிள்ளைகளுக்குத்தான் அது நன்றாக வரும். தடவல் கொட்டை என்று அதற்குப் பெயர். மொத்தத்தையும் நான் வாங்கிக்கொள்கிறேன். நல்ல லாபம். நானும் அப்படித் தடவித்தான் இந்த மண்டிக்கு வந்தேன். இப்போதும் தோப்புப் பார்க்கப் போனால் செருப்பைக் கழற்றிவிடுவேன்.

எங்கள் பனங்காட்டுமேட்டு அலமேலுவின் மகள் பவித்ரா இன்று பை நிறையக் கொண்டுவந்தாள். தடவுவதில் அவள்தான் முதல். தராசுக்கு முன்னால் நிற்க முடியாமல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. காத்திருக்கும்போது சுவரின் மண் காரையைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டாள். ஷகிலா படியில் நின்று பார்த்தாள். பிள்ளையின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக இருந்தது.

"செருப்புப் போடமாட்டியா கண்ணு?"

"செருப்புப் போட்டா கொட்டை தெரியாதுக்கா."

பிள்ளை போன பிறகு ஷகிலா எனக்கு விளக்கினாள். தோப்பில்தான் ஊரே வெளிக்குப் போகிறது. புழு மண்ணில் பொரிந்து கிடக்கும். பாதத்துத் தோலைத் துளைத்து ஏறி, குடலில் போய்க் கொக்கி போட்டு ரத்தத்தைக் குடிக்கும். "மாத்திரை ஒண்ணுதான்யா. ஆனா வந்துகிட்டே இருக்கணும். அதுக்குத்தான் இந்த மேப்பு."

மார்ச் 10

பனங்காட்டுமேட்டுப் பள்ளியில் டப்பா கொடுத்தாயிற்று. மூடிமேல் பிள்ளை பெயர், அப்பா பெயர், வகுப்பு. நாளைக்கும் மறுநாளும் வாங்குவார்கள்.

மார்ச் 12

டப்பாக்கள் ஒழுங்காக வந்துவிட்டனவாம். வேறு ஊர்களில் பாதிகூட வராதாம். "ஒங்க ஊரு ஜனங்க ரொம்ப நல்லவங்கய்யா" என்றாள் ஷகிலா. என் ஊர் ஜனங்களை எனக்குத் தெரியும். கேட்டதும் கொடுக்கிற ஆட்கள் இல்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

மார்ச் 13

ஷகிலா சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். "பனங்காட்டுமேட்டுப் புள்ளைங்க தங்கம்யா. தேடித் தேடிப் பாத்தாச்சு, ஒரு முட்டை இல்ல. பச்சை அடிச்சிட வேண்டியதுதான்."

"அந்தப் பவித்ராவுக்குமா?"

"அதான் எனக்கும் ஆச்சரியம். ரத்தச் சோகைக்கு வேற காரணமும் இருக்கலாம், என்ன பண்றது. எல்லாத்துக்கும் சாப்பாடுகூட ஒரே மாதிரிதான். சல்லடையில தேச்சா எல்லாத்துலயும் செவப்பாத் தோல் தோலா நிக்குது. சத்துணவுல கத்தரிக்காய் போட்டாங்களோ என்னவோ."

மேலே போய்ப் பார்த்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான். சல்லடையில் நின்றதை என் தொழிலில் தூக்கத்தில் காட்டினாலும் சொல்வேன். முந்திரிப் பருப்பின் மேல்தோல்.

சத்துணவில் முந்திரி போடுகிற சர்க்கார் இன்னும் வரவில்லை. பனங்காட்டுமேட்டில் முந்திரி பொறுக்குகிறவர்கள் உண்டு, தின்கிறவர் கிடையாது. பொறுக்கியதெல்லாம் என் தராசுக்கு வந்துவிடும். இந்த ஊரில் தோலோடு உடைசல் பருப்புத் தின்கிற பிள்ளை ஒன்றே ஒன்றுதான். கொடுப்பவன் நான்.

ஒன்றும் சொல்லவில்லை. பச்சை என்றால் எனக்கும் வசதிதான். சிவப்பு என்று பேப்பரில் வந்தால் மெட்ராஸ் கடைக்காரன் அந்த ஊர்ச் சரக்கா என்று மூக்கைச் சுளிப்பான்.

மார்ச் 14

என் உடைப்புக் கொட்டகையில் வேம்பு என்று ஒருத்தி பருப்புக்குத் தோல் எடுக்கிறாள். அவளுடைய அண்ணன் மகள் கோபிகா நாலாவது படிக்கிறது. அம்மா தோப்பில் தடவும்போது சருகுக்குள் பாம்பு கடித்துச் செத்தாள். எந்தத் தோப்பு என்று இங்கே எழுதத் தேவையில்லை. அப்பன் கேரளாவுக்குப் போனவன், போனவன்தான். அதிலிருந்து வேம்பு பிள்ளையைத் தோப்புப் பக்கமே விடுவதில்லை. காலில் எப்போதும் செருப்பு. பள்ளி விட்டதும் கொட்டகைச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து எழுதும். நான் ஒரு பிடி உடைசல் கொடுப்பேன்.

இன்றும் கொடுத்தேன். "டப்பா குடுத்தியா கோபிகா?"

"எல்லாருக்கும் குடுத்தன் தாத்தா."

"எல்லாருக்குமா?"

"பவித்ரா அம்மா, தினேசு அம்மா, கோடி வூட்டு அக்கா, தெருவே எங்க வூட்டுக்கு வந்துச்சு. குச்சியால கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கிட்டாங்க. ஒருத்தங்க பன்னு குடுத்தாங்க, ஒருத்தங்க ரோஸ்மில்க். ரெண்டு நாளும் வந்தாங்க. பவித்ரா எங்கூட சொட்டாங்கல் வெளையாடுனா."

"அத்தை எங்க இருந்தா?"

"இங்க வேலைல."

"ஒன் டப்பா?"

"மறந்தே பூட்டன். கடைசியில ஒண்ணும் மிஞ்சல. டீச்சர் ஆப்சென்ட் போட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தது. இவ்வளவு சந்தோஷமாக அதை நான் பார்த்ததில்லை.

மார்ச் 15

அலமேலு கொட்டை கொண்டுவந்தாள். எடை போட்டுக்கொண்டே டப்பா விஷயத்தைக் கேட்டேன். மறைக்கவில்லை.

"எங்கிருந்தோ வந்தவங்க. புள்ள பேரு, அப்பன் பேரு எழுதி, அதுக்குள்ளயே அதையும் வச்சுக் கேக்கறாங்க. முடி, நகம், காலடி மண்ணு இதையே குடுக்கமாட்டம். பேரும் பொருளும் ஒண்ணாக் கையில கெடச்சா எவனாவது செய்வினை வைக்க எம்மாந்நேரம் ஆவும்? பேரு ஒருத்தருது, பொருளு ஒருத்தருதுன்னா ஒட்டாது."

"ஒட்டிச்சின்னா?"

அலமேலு பையை உதறி மடித்தாள். "ஒட்டினா அதுக்குத்தான் ஒட்டும். கேக்க ஆளில்லாத புள்ளதானய்யா."

பணத்தைக் கொடுத்து அனுப்பினேன். கெட்டவள் இல்லை அலமேலு. ருக்மணி படுக்கையில் இருந்தபோது தினம் வந்து புடவை மாற்றிவிட்டவள் அவள்தான்.

மார்ச் 16

வரத்து அதிகம். எழுத நேரமில்லை.

மார்ச் 17

தராசுக்கு முன்னால் பவித்ரா விழுந்துவிட்டாள். பை சரிந்து கொட்டை நாலாபக்கமும் உருண்டது. தூக்கினேன். இந்த வயதுப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய கனம் இல்லை. எடை என் தொழில், எனக்குக் கை பொய் சொல்லாது. தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து, "எங் கொட்டை" என்றாள்.

ஷகிலா ஊரில் இல்லை, டாக்டரோடு கடலூர் போயிருந்தாள். நாளைக்கு மாடியைக் காலி செய்கிறார்கள். அடுத்த ஒன்றியம்.

மார்ச் 18

சொல்லிவிட்டேன்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மைக்ராஸ்கோப்பைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த ஷகிலா அப்படியே நின்றாள்.

"சல்லடையில பாத்தீங்களே, அன்னிக்கே தெரியுமாய்யா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நான் வியாபாரி. தெரிஞ்சதை எல்லாம் அன்னன்னிக்கே சொல்ற பழக்கமில்ல."

அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் கத்துவது எனக்கே கேட்டது. நாள் இல்லை, டீசல் இல்லை, ஒரு பள்ளிக்காக மொத்த வேலையும் நிற்காது. கடைசியில் ஞாயிறு வரைக்கும் அவகாசம் கொடுத்தார். பள்ளியை நான் பேசித் திறக்க வைக்கிறேன், மாடிக்கு வாடகையும் வேண்டாம் என்று சொன்னேன். பெட்டிகளை மறுபடி பிரித்தார்கள். தலைக்கு மேல் மறுபடி செருப்புச் சத்தம்.

வரைபடம் தப்பாகப் போகக் கூடாது என்பதற்காகத்தான் சொன்னேன். வேறு காரணமில்லை.

மார்ச் 20

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் அம்மாக்களைக் கூட்டினோம். ஷகிலா புழுப் படம் காட்டினாள். படத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் எழுந்து, காலையிலேயே தயாராக எடுத்துப் போயிருந்த என் டப்பாவை மேஜைமேல் வைத்தேன். மூடிமேல் கலியபெருமாள், தகப்பனார் பெயர் நடேசன் என்று முழுசாக எழுதியிருந்தது.

"வினை வைக்கிறதா இருந்தா மொதல்ல எனக்கு வைக்கட்டும். அப்புறம் நீங்க குடுங்க."

"மண்டிக்காரரு வவுத்துல புழு இருந்தா அதுவும் கமிஷன் புடிக்கும்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

அலமேலு சிரிக்கவில்லை. "ஒங்கள வச்சு நாங்க எப்பிடிய்யா நம்பறது? ஒங்களுக்கு ஒண்ணு ஆனா மட்டும் அழ யாரு இருக்கா?"

வேண்டுமென்று சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னாள். கணக்குச் சரி.

மேஜைமேல் இருந்த என் டப்பாவின் மூடியைப் பார்த்தேன். பிறகு மண்டி ஞாபகம் வந்தது. மூட்டையில் யாரும் பேர் எழுதுவதில்லை. ஒருத்தர் ஏணி போடுவார், ஒருத்தர் சூலம், ஒருத்தர் நண்டு. எது யாருடையது என்று போட்டவருக்குத் தெரிந்தால் போதும்.

"ஏம்மா ஷகிலா, மேப்புக்குப் பேரு வேணுமா, புழு வேணுமா?"

"ஊரு, வயசு, ஆணா பொண்ணா, அவ்வளவுதான்யா வேணும்."

"அப்ப பேரே வேணாம். அவங்கவங்க மனசுக்குத் தோணின மார்க்கு போடட்டும். அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்ச மார்க்கு. பேரு இல்லாத பொருள வச்சு எவன் என்னா வினை வைப்பான்?"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அலமேலு முதலில் வந்து டப்பாவை எடுத்தாள். ஸ்கெட்ச் பேனாவால் மூடிமேல் என்னமோ போட்டு, மற்றவர் பார்க்காமல் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

கூட்டத்தில் வேம்பும் நின்றாள். போன தடவை நடந்தது அங்கே பெண்கள் பேசிக்கொண்டதில்தான் அவளுக்குத் தெரிந்தது. கத்தவில்லை. அலமேலுவின் முகத்தைப் பார்த்தபடி கோபிகாவின் கையைப் பிடித்தாள். "என் புள்ள தெரு முழுக்கக் குடுத்தாச்சு. இனிமே யாருக்கும் குடுக்காது" என்று சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளை திரும்பித் திரும்பிப் பவித்ராவைப் பார்த்துக்கொண்டே போயிற்று.

மறுபடியும் ஆப்சென்ட்.

மார்ச் 22

சிவப்பு. அதிலும் கெட்டிச் சிவப்பு என்றாள் ஷகிலா. மூன்று பேரும் நாள் முழுக்கக் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். யார் டப்பா எது என்று தெரியாது, மார்க்கையும் கணக்கையும் எழுதி மண்டி வாசலில் ஒட்டினார்கள். நண்டு போட்டிருந்த ஒன்றில் எண்ண முடியாத அளவு முட்டை. நண்டு யார் என்று நான் கேட்கவில்லை. தெரு முனையில் எனக்குத் தெரியும்படியே நின்று அலமேலு அழுதுகொண்டிருந்தாள்.

கிளம்புவதற்கு முன்னால் ஷகிலா என் பக்கம் குனிந்து, "அய்யா, யாரு கிட்டயும் சொல்லமாட்டன். ஒங்களுக்கும் இருக்கு" என்றாள்.

இத்தனை நாளும் இந்த வீட்டில் நான் தனியாக இல்லை போலிருக்கிறது. அதைச் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாத்திரை ஒன்று கொடுத்து, என் முன்னாலேயே மென்று விழுங்குங்கள் என்று நின்று பார்த்தாள். நான் விழுங்கினேனா என்று நின்று பார்க்க ஒரு ஆள் இருந்தது ருக்மணிக்கு அப்புறம் இன்றுதான்.

ஜீப் போய்விட்டது. மாடியைக் கூட்டச் சொல்லவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 23

பால் கூடுதலாக வந்துவிட்டது. நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 6

பள்ளியில் மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று டீச்சர் எதிரில் மென்றனவாம். பள்ளி மொத்தத்துக்கும் என்பதால் கோபிகாவுக்கும் உண்டு. கொட்டகைக்கு வந்து நாக்கை நீட்டிக் காட்டியது.

மண்டி வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன். வெறுங்காலோடு வருகிற பிள்ளையிடம் தடவல் கொட்டை வாங்குவதில்லை. செருப்புப் போட்டுக் குச்சியால் கிளறி எடுத்தால் வாங்குவேன். அலமேலு படித்துப் பார்த்தாள்.

"குச்சியில கொட்டை தெரியுமாய்யா?"

"பாதி தெரியும்."

"மீதிப் பாதிய யாரு தருவாங்க?"

மீதிப் பாதியை இப்போது கீழத்தெரு மண்டியில் போடுகிறார்கள். அங்கே பலகை இல்லை. பலகை மாட்டியதில் லாபம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கழற்றவில்லை.

ஏப்ரல் 19

ஞாயிறு. "என்னப்பா விசேஷம்?" புழு விஷயத்தைச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். அவனுக்கு வேறு ஒரு கால் வந்துவிட்டது.

ஜூன் 11

பள்ளி திறந்துவிட்டது. உடைசல் கொடுக்கும்போது கோபிகா கேட்டது: "தாத்தா, அந்த டப்பா அக்கா எப்ப வருவாங்க?"

"எதுக்கு?"

"அவங்க வந்தாதான எல்லாரும் எங்க வூட்டுக்கு வருவாங்க."

வேம்பு தோல் எடுப்பதை நிறுத்தவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டாள். நான் மூட்டையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 17

இரண்டாவது மாத்திரை. பவித்ரா மண்டிக்கு வந்தாள். தராசின் மேல் விளையாட்டாக ஏறி நின்றாள். இறங்கச் சொல்லாமல் முள்ளைப் பார்த்தேன். காலில் செருப்பு இருந்தது. கொட்டை ஏதும் கொண்டுவரவில்லை, பருவம் முடிந்துவிட்டது. சும்மாதான் வந்தாளாம். கொட்டகைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தாள். வேம்பு எழுந்து நின்றதும் ஓடிவிட்டாள்.

டிசம்பர் 9

மறுபரிசோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். ஷகிலா இல்லை. அவளுக்குத் தர்மபுரிப் பக்கம் மாற்றலாகிவிட்டதாம். வந்தவர்கள் டவுன் லாட்ஜில் தங்கியிருக்கிறார்கள், வண்டியில் குளிர்பெட்டி இருக்கிறதாம். மாடியை நான் பெருக்கித் துடைத்து வைத்திருந்தது வீண். டீ மட்டும் குடித்தார்கள்.

என் டப்பாவைக் கொடுக்கலாம் என்று பள்ளிக்குப் போனேன். பெரியவர்கள் கொடுக்கத் தேவையில்லை என்றான் புதுப் பையன். நான் இந்த ஊரில் முதலில் கொடுத்தவன், வாங்கிக்கொள் என்றேன். வாங்கிக்கொண்டான்.

பிள்ளைகள் வரிசையாக வந்து தட்டில் வைத்தன. ஏணி, சூலம், நண்டு, இலை, பூரான். அலமேலு தூரத்திலேயே நின்றாள். கடைசியில் கோபிகா வந்தது, பின்னால் வேம்பு.

"அத்தை விட்டுச்சா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு டப்பாதான்னு சொல்லி விட்டுச்சு."

புதுப் பையன் ஸ்கெட்ச் பேனாவை நீட்டி, "மார்க்கு போடு பாப்பா" என்றான். பிள்ளை கொஞ்சம் யோசித்தது. மூடியை மடியில் வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, நிதானமாக எழுதியது. கோபிகா, ஐந்தாம் வகுப்பு, பனங்காட்டுமேடு.

"பேரு வேணாம் பாப்பா, மார்க்கு போதும்."

"இருக்கட்டும்ணே. இல்லன்னா மாறிடும்."

கொண்டுபோய் வைத்தது. தட்டு முழுக்க நண்டும் ஏணியுமாகக் கிடந்தது. பேர் எழுதிய டப்பா இரண்டே இரண்டு. என்னுடையதை நகர்த்தி, அதன் பக்கத்தில் தன்னுடையதை ஒட்டி வைத்துவிட்டுப் போயிற்று.